பந்து கிடந்த இடம்

1

இந்தக் கதை ஒரு பக்கக் கட்டுரையாக இருந்திருக்க வேண்டும். என்னிடம் கேட்டது அவ்வளவுதான். போன வாரம் கிளப் வாசகசாலையில் பழைய பத்திரிகைகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது, செயலாளர் ராமதாஸ் சார் உள்ளே வந்து ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நெல்சன், ஞாயித்துக்கிழமை ஹென்றி பேர்ல கப்பு வெக்கிறோம் இல்லையா, அதுக்கு ஒரு சின்ன மலர் போடறோம். நீங்க ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. மனசு சம்பந்தமா அவன் நமக்கெல்லாம் சொல்லுவானே, அது. மட்டையை எப்படிப் பிடிக்கிறதுன்னு எவன் வேணும்னாலும் சொல்லுவான். மனசை எப்படிப் பிடிக்கிறதுன்னு சொன்னவன் அவன் ஒருத்தன்தான்."

ஹென்றி என் தம்பி. பிப்ரவரி மாதம் இறந்தான். நாற்பத்து நான்கு வயது, நுரையீரல் கோளாறு. காசிமேட்டுக் கல்லறையில் அப்பாவுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது.

ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். சார் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். அச்சுக்கும் போய்விட்டது. அந்தப் பக்கத்தில் பொய் என்று ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். விட்டதனால் மொத்தப் பக்கமும் பொய்யாகிவிட்டது. அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். கதை என்று சொல்லிக்கொண்டால் கொஞ்சம் தைரியம் வருகிறது.

(முதலில் 'கதை என்று சொன்னால் ஒளிந்துகொள்ள வசதியாக இருக்கிறது' என்று எழுதி, அடித்துவிட்டேன். அடித்ததை இங்கே திரும்ப வைக்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: 'எண்ணூர்ப் பக்கம் கோல்ஃப் மைதானமா என்று நீங்கள் சிரிக்கலாம்.'

சிரிக்கலாம்தான். தொழிற்சாலையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதன் அதிகாரிகள் குடியிருப்புக்குப் பின்னால் ஒன்பது குழிகள் உள்ள ஒரு மைதானம். அதை நடத்துவது அதிகாரிகளின் கிளப். உப்பு மண், புல் நிற்காது. வெளியூர் மைதானங்களில் குழியைச் சுற்றி வழவழவென்று பச்சைப் புல் இருக்கும். எங்களுக்கு அங்கே மணல். பழைய எஞ்சின் எண்ணெயை ஊற்றிப் பிசைந்து, பலகையை இழுத்துச் சமப்படுத்திய மணல் வட்டம். அதற்குப் பிரவுன் என்று பெயர். நானும் ஹென்றியும் ராயபுரத்திலிருந்து பஸ் பிடித்துப் போய் அங்கே அதிகாரிகளின் மட்டைப் பையைத் தூக்கினோம். அந்த வேலைக்குக் கேடி என்று பெயர். எங்கள் அம்மா செத்தாலும் அதை வெளியே சொல்ல மாட்டாள். "பசங்க கம்பெனில கீறாங்க" என்பாள்.

இந்தத் தொடக்கம் சரியாகத்தான் போகிறது. ஆனால் இது சிரிக்க வைத்துக்கொண்டே போய்க் கடைசிவரை விஷயத்துக்கு வராது. எனக்கு என்னைத் தெரியும்.

இரண்டாவது தொடக்கம்: 'அன்று கடல் காற்று மெல்ல வீசிக்கொண்டிருந்தது.'

இது பொய். அன்று காற்று கடலிலிருந்து வரவில்லை. லாரிகள் நிலக்கரி ஏற்றிப்போகும் சாலைப் பக்கமிருந்து வந்தது. அப்படி வரும் நாட்களில் மைதானம் முழுக்கக் கரித்தூசி படிந்திருக்கும். நடந்தால் நம் காலடி தெரியும், காக்கை நடந்தால் காக்கையின் காலடி தெரியும். இந்தத் தூசியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும். வாசகரை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வது நல்ல எழுத்து இல்லை என்று தெரியும். ஆனால் நான் எதையும் மறைத்து வைத்து எடுக்கப்போவதில்லை.

மூன்றாவது தொடக்கம்: 'என் வலது கால்

இதற்கு மேல் போகவில்லை.

3

மலரில் வரப்போகும் பக்கத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஹென்றி எட்டாவது வரைக்கும்தான் படித்தான். ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கிறவனுக்கு ஆடுகிறவனின் கழுத்து தெரியும், தோள் தெரியும், காது சிவப்பது தெரியும். பத்து வருடம் காதுகளைப் பார்த்தே அவன் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டான்.

நான்காம் குழிக்குக் குறுக்கே ஒரு குட்டை உண்டு. ராமதாஸ் சார் அங்கே வரும்போதெல்லாம் பந்தைத் தண்ணீரில் போடுவார். ஒருநாள் ஹென்றி கேட்டான்.

"சார், அடிக்கிறதுக்கு முன்ன உள்ள இன்னா சொல்லிக்கிறீங்க?"

"தண்ணியில போடாதடான்னு சொல்லிக்கிறேன்."

"அத்தான் மேட்டரு. கையிக்கு 'போடாத'ன்றது கேக்காது சார். 'தண்ணி'ன்றது மட்டுந்தான் கேக்கும். தோ அந்தாண்ட கீது பாருங்க ஒரு பனமரம், அத்த சொல்லுங்க. 'பனமரம்'னு மட்டும் சொல்லிட்டு அடிங்க."

பந்து குட்டையைத் தாண்டியது. சார் குழந்தையைப் போலக் குதித்தார்.

அடிப்பதற்கு முன் மூச்சை முழுக்க வெளியே விடு, அடுத்த மூச்சு உள்ளே வருவதற்குள் அடி என்பான். முகத்துவாரத்தில் வீச்சுவலை வீசுகிறவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டதாம். அவர்கள் மீனைப் பார்ப்பதில்லை, வலை விரிவதை மட்டும் பார்க்கிறார்கள் என்பான். பறக்கும் பந்தைப் பார்த்துக் கத்தாதே, அதற்குக் காது இல்லை என்பான்.

எல்லாவற்றிலும் பெரியது பத்துக் காலடி. அடி தப்பினால் பத்துக் காலடி வரைக்கும் நீ கோபப்படலாம், வெட்கப்படலாம், மட்டையைத் திட்டலாம், மண்ணைத் திட்டலாம். பதினோராவது காலடியில் அதைத் தரையில் விட்டுவிட வேண்டும். "அட்ச்சது அட்ச்சாச்சு. இப்ப பந்து எங்க கீதோ அங்கதான் ஆட்டம்" என்பான். அதிகாரிகள் வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பின்னாளில் வாசகசாலையில் விளையாட்டு வீரர்களின் மனம் பற்றித் தடியான ஆங்கிலப் புத்தகம் ஒன்று வந்தது. அகராதியை வைத்துக்கொண்டு நான்கு மாதம் படித்தேன். தம்பி சொல்லாதது அதில் அதிகம் இல்லை.

4

எழுதியதைப் படித்துப் பார்த்தால் ஹென்றி ஒரு ஞானி மாதிரித் தெரிகிறான். இந்த ஆளை நானே நம்ப மாட்டேன். வேறு எங்காவது படித்திருந்தால் புத்தகத்தை மூடியிருப்பேன்.

ஆகவே: ஹென்றி என் சட்டைகளை எடுத்துப் போட்டுக்கொண்டு திருப்பித் தர மாட்டான். டீக்கடையில் காசு எடுக்கும் நேரம் பார்த்துச் செருப்பைத் தேடுவான். தலை வாருவதற்கு இருபது நிமிடம். கல்மண்டபம் கேரம் கிளப்பில் அவனைப் போலப் பொய் சொல்கிறவன் கிடையாது. விரல் பட்டு காய் நகர்ந்தால், "எங்க பட்டுச்சு? மாதா மேல சத்தியமா படல மாமு!" என்று போர்டைத் தட்டிக் கத்துவான். எல்லாருக்கும் பட்டது தெரியும்.

இதைப் பற்றி ஒருநாள் அவனிடம் கேட்டேன். "கேரம்ல அந்தப் புளுகு புளுகுற. இங்க மட்டும் இன்னா யோக்கியன் மாரி நடக்குற?"

"ண்ணா, அங்க நாலு பேரு பாத்துகினு கீறான். மாட்டிக்குவேன்னு தெரிஞ்சே வுடறேன். அது ஜாலி. இங்க ஒருத்தனும் பாக்கல. இங்க வுட்டா நம்மகிட்டயே ஒட்டிக்கும். அப்பறம் எத்தினி காலடி நடந்தாலும் போவாது."

இப்போது கொஞ்சம் நம்பும்படி இருக்கிறானா? எனக்கு இருக்கிறான். கடைசி வாக்கியத்தை அவன் அப்படியேதான் சொன்னானா என்று கேட்டால் எனக்கு உறுதியில்லை.

5

என் காலைப் பற்றி.

எங்கள் மைதானத்தில் பை தூக்குகிறவர்களுக்கு எழுதப்படாத ஒரு வேலை இருந்தது. அதிகாரி அடித்துவிட்டு மெல்ல நடந்து வருவார். நாங்கள் முன்னால் ஓடிப் பந்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கல்லுக்குப் பின்னாலோ பள்ளத்திலோ கிடந்தால், அவர் வருவதற்குள் பந்து நல்ல இடத்துக்கு வந்திருக்கும். குனிந்தால் தெரிந்துவிடும். அதனால் செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே பந்தைக் கவ்வி, நடந்தபடியே கொண்டுபோய் வேறு இடத்தில் விட்டுவிடுவோம்.* நடையில் ஒரு சின்ன நொண்டல்கூடத் தெரியாது.

அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஆறு காலடி தூரம் கொண்டுபோவேன். திருமுருகன், அவனும் எங்களோடு பை தூக்கியவன், "நெல்சனுக்கு கால்ல கையி மொளச்சிக்கீது" என்பான். ராமதாஸ் சார் எப்போதும் என்னைத்தான் கூப்பிடுவார். ஏன் என்று அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. "நெல்சன் வந்தா எனக்கு அதிர்ஷ்டம்" என்பார். அந்த அதிர்ஷ்டத்துக்காகத்தான் வாசகசாலை உதவியாளர் வேலையை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். நிரந்தர வேலை. கமிட்டி கையெழுத்துப் போட வேண்டியது மட்டும் பாக்கி.

ஹென்றி அதை ஒருநாளும் செய்ததில்லை. செய்த எங்களைத் திட்டியதும் இல்லை.

* கட்டைவிரல் நகம் கொஞ்சம் வளர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பந்து வழுக்கும். என் வலது கால் நகம் இன்னும் அப்படித்தான் இருக்கிறது. வெட்டினாலும் அதே மாதிரி வளர்கிறது.

6

2009 ஜனவரி 26. குடியரசு தினத்தன்று வருடத்துக்கு ஒருமுறை மைதானத்தை எங்களுக்குக் கொடுப்பார்கள். அதிகாரிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள், நாங்கள் ஆடுவோம். அந்த வருடம் ஜெயிக்கிறவனுக்கு மைதான மேற்பார்வையாளர் வேலை என்று அறிவித்திருந்தார்கள். சம்பளம், பி.எஃப்., குடியிருப்பில் ஒரு வீடு. ஹென்றிக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். அவன் மனைவி சில்வியாவுக்கு ஏழு மாதம்.

எனக்கு ஆட வராது. அவன் பையை நான் தூக்கினேன்.

குறைந்த அடியில் முடிக்கிறவனுக்குத்தான் ஜெயம். எட்டுக் குழி முடிந்தபோது ஹென்றியும் திருமுருகனும் சமம். ஒன்பதாம் குழியில் திருமுருகன் முந்தி ஆடி ஐந்து அடியில் முடித்துவிட்டுப் பிரவுன் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான். ஹென்றியின் இரண்டாவது அடி வலது பக்கம் விலகிப்போய் வேலிகாத்தான் மரங்களுக்கு நடுவே விழுந்தது. அவன் பத்துக் காலடி எண்ணத் தொடங்கினான். பழக்கத்தில் நான் முன்னால் ஓடினேன்.

பந்து ஒரு வேருக்கு இந்தப் பக்கம் ஒட்டிக் கிடந்தது. முன்னால் வேர், நேரே அடிக்க வழியில்லை. பக்கவாட்டில் தட்டி வெளியே எடுக்க ஒரு அடி, பிரவுனுக்கு ஒரு அடி, குழிக்குக் குறைந்தது ஒரு அடி. ஐந்து வந்தாலே அதிர்ஷ்டம், ஆறுதான் நிச்சயம்.

என் கால் அதைச் செய்துவிட்டது. நான் யோசிக்கவில்லை. மனசு ஒதுங்கி நிற்கணும், உடம்பு ஆடணும் என்று தம்பி சொல்வானே, அந்த நிலை எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் வாய்த்தது. அது இதற்குத்தான் வாய்த்தது. செருப்பிலிருந்து கால் எப்போது வெளியே வந்தது என்று தெரியாது. பந்து வேரிலிருந்து இரண்டு சாண் தள்ளி, வெட்டவெளியில் இருந்தது.

ஹென்றி வந்தான். பந்தைப் பார்த்தான். மரத்தைப் பார்த்தான்.

"இங்கயா நின்னுச்சு?"

"பின்ன? அடி."

"வேர்ல பட்ட சத்தம் கேட்டா மாரி இருந்துச்சே."

"பட்டு தெறிச்சி வந்துருக்கும். அடிடா, எல்லாரும் பாக்குறாங்கோ."

அண்ணன் சொன்னால் அவன் நம்புவான். மூச்சை வெளியே விட்டான். அடித்தான். நான் பார்த்ததிலேயே அழகான அடி அது. பந்து பிரவுனில் விழுந்து, எண்ணெய் மணலில் கோடு போட்டபடி உருண்டு, குழிக்கு ஒரு முழத்தில் நின்றது. நாற்காலிகளிலிருந்து கைதட்டல். நானும் தட்டினேன்.

ஹென்றி பந்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கரித்தூசி. பந்து உருண்டு வந்த கோடு தூசியில் நூல் பிடித்த மாதிரி வந்து வேரில் முடிந்திருந்தது. வேருக்கும் அவன் நின்ற இடத்துக்கும் நடுவே கோடு இல்லை. ஒரு வெறுங்கால் சுவடு இருந்தது. பெருவிரல் அழுத்தமாக.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபம் இல்லை. ஐயோ என்பது போல ஒரு பார்வை. அதற்கு மேல் அந்தப் பார்வையை எழுத எனக்கு

அவன் பையிலிருந்து துண்டை எடுத்து, மட்டையைத் துடைத்தான். நடந்தான். பத்துக்கு மேலும் நடந்தான். ஒரு முழத் தூரத்துப் பந்தைக் குழியில் தட்டினான். நான்கு அடி. ஜெயித்துவிட்டான். பையன்கள் ஓடிவந்து தூக்கப் பார்த்தார்கள். அவன் விலக்கிக்கொண்டு மேசைக்குப் போனான். அங்கே ஒவ்வொரு குழிக்கும் எத்தனை அடி என்று எழுதிய கார்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

"சார், அந்தாண்ட மரத்தாண்ட என் காலு பட்டு பந்து நவுந்துச்சு. அத்த எட்த்து வெக்காம ஆடிட்டேன். ரெண்டு அடி சேத்துக்கோங்க."

நான்கை அடித்து ஆறு என்று அவனே எழுதினான். ஒரு அடியில் தோற்றான்.

'அண்ணன் கால்' என்று சொல்லியிருந்தாலும் தண்டனை அதே இரண்டு அடிதான். பை தூக்குகிறவன் செய்தது ஆடுகிறவனையே சேரும். ஆனால் என்னை மைதானத்தைவிட்டே அனுப்பியிருப்பார்கள். வாசகசாலைக் கடிதம் அந்த மேசையில்தான், அதே கமிட்டிக்காரர்களின் முன்னால் இருந்தது. அவனுக்கு அது தெரியும். அடுத்த வியாழக்கிழமை எனக்கு வேலை உத்தரவு வந்தது.

7

தோற்றதுகூடப் பெரிதில்லை. இதற்குப் பிறகு நான் செய்ததுதான்.

அன்று சாயங்காலத்துக்குள் மைதானத்தில் கதை வேறு மாதிரி ஆகிவிட்டது. "மனசப் பத்தி ஊருக்கே பாடம் எட்ப்பான். கடசீல அவனுக்கே காலு நடுங்கி பந்த இட்ச்சிட்டான்." சிரித்தார்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தோம். ஹென்றி உள்ளறையில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். சில்வியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இன்னா மாமா ஆச்சு? கெலிச்சிட்டாருன்னு திருமுருகன் வூட்ல சொல்றாங்கோ, தோத்துட்டாருன்னும் சொல்றாங்கோ. இவரு வாயே தொறக்கல."

நான் சொன்னேன்: "கடைசி குழில பதறிட்டான். அவனுக்கு மனசு பத்தல."

உள்ளறைக்குக் கதவு கிடையாது, திரைச்சீலைதான். அவனுக்குக் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு அவன் மைதானத்துக்குப் போகவில்லை. அத்திப்பட்டுப் பக்கம் கரி இறக்கும் காண்ட்ராக்டில் சேர்ந்தான். பதினைந்து வருடம். சில்வியா நல்லவள். ஆனால் வீட்டு வாடகை ஏறும்போதெல்லாம் அவளுக்கு அந்தக் குடியிருப்பு வீடு ஞாபகம் வரும். பல்பு மாட்ட அவன் ஸ்டூலில் ஏறினால், "பாத்து, கடசீ நேரத்துல ஒனுக்கு கையி நடுங்கும்" என்பாள். அவன் சிரிப்பான். நான் அங்கேதான் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மூன்று வேளையும் அவள் கைச் சோறுதான். இன்றைக்கும்.

(இங்கே ஹென்றி என்னைப் பார்த்து ஏதாவது சொன்ன மாதிரி ஒரு காட்சி வைக்கலாம். பதினைந்து வருடத்தில் அவன் ஒருமுறைகூட எதுவும் சொல்லவில்லை. மருத்துவமனையில்கூட "ண்ணா, சட்டை ஒன்னோடது ரெண்டு என் பொட்டியில கீது" என்றான். அவ்வளவுதான். அதனால் காட்சி இல்லை.)

8

நாளை ஞாயிறு. இப்போது சனிக்கிழமை பகல், ஒரு மணி இருக்கும்.

கப்பு யோசனை திருமுருகனுடையது. அந்த வேலையில் சேர்ந்து இப்போது தலைநரைத்துப்போன மேற்பார்வையாளர் அவன். "மாமு, அவன் தப்புப் பண்ணத அவனே சொன்னான் பாரு. என்னால அத்த மறக்க முடில. நானா இருந்தா சொல்லிருக்க மாட்டேன்" என்றான் என்னிடம். நான் தலையாட்டினேன்.

சில்வியாவை மேடையில் இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்கள். வியாழக்கிழமை அவள் நான் இருக்கும் மாடி அறைக்கு வந்தாள். கையில் ஒரு பழைய கார்டு. ஹென்றியின் ஜெபப் புத்தகத்துக்குள் இருந்ததாம். அன்றைய கார்டின் நகல்.

"மாமா, இத்த பாருங்களேன். ஒம்போதாவது கட்டத்துல நாலுன்னு போட்டு அட்ச்சி ஆறுன்னு எழுதிக்கீறாரு. கையி நடுங்கினது எழுத்துலயே தெரியுது இல்ல?"

பார்த்தேன். அந்த ஆறு நேராக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பலகையில் எழுதிய மாதிரி.

"நான் அவர அப்பிடி சொல்லிருக்கக் கூடாது மாமா. மனுசனுக்கு பயம் வராதா? அன்னிக்கி ஒரு நாள் பயந்துட்டாரு. அதுக்குப் போயி இத்தினி வருசம் குத்திக் காட்டிட்டேன். ஞாயித்துக்கெழம மைக்குல சொல்லிடலாம்னு கீறேன். என் வூட்டுக்காரரு அன்னிக்கி மனசு கலங்கிட்டாரு, ஆனா நல்லவரு, நான்தான் புரிஞ்சிக்கலன்னு. சொல்லலாம் இல்ல?"

"சொல்லலாம்" என்றேன்.

பாருங்கள். மறுபடியும்.

செய்யாத தப்புக்காக அவள் அவனை மன்னிக்கிறாள். எனக்குரிய வெட்கத்தை அவள் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். நாளைக் காலை பத்து மணிக்கு அதை ஒலிபெருக்கியில் சொல்லப்போகிறாள். அவள் மகள் சுஜா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கப்போகிறாள். அந்தப் பெண்ணுக்கு அப்பாவைப் பற்றித் தெரிந்த ஒரே பெரிய கதை, அவர் பயந்துபோன கதை.

9

எங்கள் மைதானத்தில் ஒன்பது குழிதான். இதோடு முடிக்க வேண்டும்.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் நான் மேடையேறி மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்கிறேன். கூட்டம் அமைதியாகிறது. பிறகு யாரோ ஒருவர் கைதட்ட, எல்லாரும் தட்டுகிறார்கள். ராமதாஸ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். எழுதும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அதனாலேயே கிழித்தேன். தம்பி பெயரில் வைத்த கப்பை நான் வாங்கிக்கொண்டு வருகிற முடிவு அது.

மூன்றாவது முடிவில் நான் ஒன்றும் சொல்வதில்லை. அவள் பேசுகிறாள், நான் கைதட்டுகிறேன். இது எழுதவே வேண்டாம். சும்மா இருந்தாலே நடந்துவிடும்.

இரண்டாவதுதான் என்னை ஏமாற்றியது. அதில் நான் சில்வியாவிடம் சொல்கிறேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, "எனுக்குத் தெரியும் மாமா. ஆஸ்பத்திரில அவரே சொன்னாரு. உங்கள ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு" என்கிறாள். சோறு போடுகிறாள். ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். எழுதிக்கொண்டே அழுதேன். கண்ணைத் துடைத்துவிட்டுப் படித்தபோதுதான் தெரிந்தது. வேரில் கிடந்த பந்து இரண்டு சாண் தள்ளி வெட்டவெளியில் இருந்தது. என் கால் இன்னும் மறக்கவில்லை.

அப்படியென்றால் இந்தக் கதையில் வேறு எங்கெல்லாம் நகர்த்தியிருக்கிறேன் என்று தொடக்கத்திலிருந்து படித்தேன். இரண்டு இடம்.

ஏழாம் பகுதியில், 'மனசு பத்தல' என்று சில்வியாவிடம் ஒருமுறை சொன்னதாக எழுதியிருக்கிறேன். ஒருமுறை இல்லை. பங்குச்சாமியாரிடம் சொன்னேன். கேரம் கிளப்பில் சொன்னேன். சுஜா பத்து வயதில் கேட்டபோது அவளிடமும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது நடந்தது போலவே ஆகிவிட்டது.

ஆறாம் பகுதியில், என் கால் தானாகச் செய்தது, நான் யோசிக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். மனசு ஒதுங்கி நின்றது என்று அழகாக வேறு எழுதியிருக்கிறேன். அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. அது உண்மையில்லை.

நான் முதலில் திரும்பிப் பார்த்தேன்.

பந்தைப் பார்த்தேன். வேரைப் பார்த்தேன். திரும்பி, ஹென்றி எவ்வளவு தூரத்தில் வருகிறான், நாற்காலியில் இருப்பவர்கள் யாராவது இந்தப் பக்கம் பார்க்கிறார்களா என்று பார்த்தேன். யாரும் இல்லை. அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றினேன்.

இதுதான் பந்து கிடந்த இடம். அங்கேயே திரும்ப வைத்துவிட்டேன். அதற்கு மேல் என்னிடம் முடிவு எதுவும் இல்லை.

கீழேயிருந்து சில்வியா கூப்பிடுகிறாள். "மாமா, இன்னா எழுதிகினே கீறீங்க? வஞ்சிர மீன் ஆறிப்பூடும், நானே எட்த்தாரேன்." தட்டு தட்டில் இடிக்கும் சத்தம். படியில் அவள் கால் வைக்கிறாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆனால் படிப்பாள்.

காகிதங்களை மூடப்போவதில்லை. கார்டை அதன்மேல் வைக்கிறேன், ஒன்பதாவது கட்டம் தெரிகிற மாதிரி. இது சொன்னதாக ஆகாது என்று எனக்குத் தெரியும். கேட்டால் சொல்ல வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். இப்போது கை கழுவ எழுந்து போகிறேன். மேசையிலிருந்து குழாய்க்கு ஏழு காலடி. எண்ணிப் பார்த்திருக்கிறேன். இந்த வீட்டில் எங்கிருந்து எங்கே நடந்தாலும் ஏழுதான். பத்துக் காலடி நடந்து எதையும் விட்டுவிட எங்களுக்கு இடம் கிடையாது. ஹென்றி அதை இந்த வீட்டுக்குள் எப்படிச் செய்தான் என்று தெரியவில்லை.

நீங்கள் அவளுக்கு முன்னால் படித்துவிட்டீர்கள். தட்டை வைத்துவிட்டு அவள் இறங்கிப்போகிறாளா, அல்லது முதல் காகிதத்தை எடுக்கிறாளா, எந்த வரியில் நிற்கிறாள் என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். நான் குழாயைத் திறந்து அவளுக்கு முதுகைக் காட்டி நிற்பேன்.

திரும்பிப் பார்க்க மாட்டேன். ஒருமுறை பார்த்தது போதும்.